ரேக்குக்குள் வெக்கை: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

“சுவிட்ச் செத்துப்போச்சு தம்பி, புதுசு ஒன்னு கொண்டாங்க” என்று போன் வந்தால் நான் புது சுவிட்சை, அதாவது நெட்வொர்க் கேபிளெல்லாம் வந்து சேர்கிற பெட்டியை, தூக்கிக்கொண்டு கிளம்புவதில்லை. ஒரு டிஷ்யூ பாக்கெட், டார்ச்லைட், இரண்டு அங்குல பெயின்ட் பிரஷ், நீளக் கம்பி வைத்த சின்ன தெர்மோமீட்டர், முதல் நடைக்கு இவ்வளவு போதும். கோலாலம்பூரில் கேபிள் இழுத்து, இந்தப் பெட்டிகளை அடுக்கி மாட்டுகிற இரும்புச் சட்டமான ரேக் கட்டிப் பிழைக்கிறவன் நான். பழுது என்று கழற்றிக் கொடுத்த பெட்டிகளில் பலதை வீட்டு மேசைமேல் வைத்து ஓட்டினால் வாரக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓடும், மறுபடி அதே இடத்தில் கொண்டுபோய் மாட்டினால் மூன்றாம் நாள் விழும், அதாவது வேலை செய்யாமல் நின்றுபோகும். அப்புறம் எதைச் சந்தேகப்படுவது? மாட்டின இடம், மாட்டின பக்கம், காற்று போய்வருகிற வழி, இவற்றைத்தான்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் கோளாறு எதுவோ அங்கே நேராகப் போகலாம், ஆனால் முதலில் உள்ள இரண்டு சோதனையையும் செய்யாமல் போனால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

எதற்கும் முன்னால் இந்த இரண்டு

டிஷ்யூவைப் பிரித்து ஒரே ஒரு அடுக்கை எடுத்து, விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து, சுவிட்சின் ஒவ்வொரு பக்கத்திலும் ஓட்டைகளுக்கு நேராகப் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் அங்கே காற்று உள்ளே போகிறது. படபடத்து விலகினால் வெளியே வருகிறது. சும்மா தொங்கினால் அடைப்பு, இல்லையென்றால் விசிறி நின்றுவிட்டது. (விசிறியை இங்கே நாம் காத்தாடி என்றுதான் சொல்வோம், நானும் இனி அப்படியே.) ஊதுபத்திப் புகை இன்னும் தெளிவாகக் காட்டும்தான், ஆனால் டேட்டா சென்டரில் அந்த விளையாட்டு வேண்டாம். அங்கே புகையை மோப்பம் பிடிக்கிற கருவி காற்றை உறிஞ்சிப் பார்த்துக்கொண்டே இருக்கும், அலாரம் அடித்துவிட்டால் கட்டடக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

இரண்டாவது, சூட்டை எங்கே அளக்கிறோம் என்பது. ஏர்கோன் ரிமோட்டில் 22 என்று இருப்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். தெர்மோமீட்டர் கம்பியின் நுனியை, காற்று உள்ளே போகிற ஓட்டைக்கு ஒரு விரற்கடை முன்னால் பிடியுங்கள். ஆஷ்ரே என்கிற அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கம் 18 முதல் 27 டிகிரி என்று பரிந்துரைப்பது அந்த இடத்துச் சூட்டைத்தான், அறை நடுவில் உள்ளதை இல்லை. சுவிட்ச் கையேட்டில் 40, 45 டிகிரி வரை ஓடும் என்று போட்டிருப்பதும் அதே இடத்துக்குத்தான்.

கருவியையே கேட்கலாம் என்றால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கட்டளை உண்டு: சிஸ்கோ கேட்டலிஸ்டில் ‘ஷோ என்விரான்மென்ட் ஆல்’, ஜூனிப்பரில் ‘ஷோ சேசிஸ் என்விரான்மென்ட்’, மிக்ரோடிக்கில் சிஸ்டம் ஹெல்த். உள்ளே இருக்கிற சிப் 60, 70 என்று காட்டினால் உடனே பதற வேண்டாம், சிப் அப்படித்தான் இருக்கும். பல மாடல்களில் பக்கத்திலேயே மஞ்சள் எல்லை, சிவப்பு எல்லை என்று எண் வரும், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காத்தாடி எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டினால் அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான்கில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கணிசமாகக் குறைவாகச் சுற்றினால் அது போகப்போகிறது.

காலையில் நன்றாக ஓடுகிறது, மத்தியானம் விழுகிறது

செந்தூலில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. தினமும் 12.30-க்கு மேல் கல்லா மெஷின் அறுந்துபோகும், கேமரா ஒவ்வொன்றாகக் கறுப்பாகும், மூன்று மூன்றரைக்குத் தானாகச் சரியாகிவிடும். கூட்டம் அதிகமாக இருக்கிற நேரத்தில் வருவதால் லைன்தான் தாங்கவில்லை என்று முதலாளி அண்ணன் இன்டர்நெட்காரர்களைத் திட்டித் தீர்த்திருந்தார். போய்ப் பார்த்தால், 9யூ சுவர்க் கேபினட் (யூ என்பது ரேக்கில் உயரத்தை அளக்கிற அலகு, ஒரு யூ 44.45 மில்லிமீட்டர்), சமையலறைக் கதவுக்கு மேலே, சீலிங்குக்கு ஒரு சாண் கீழே. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு. உள்ளே 24 போர்ட் பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கேமராவுக்குக் கரண்டும் கொடுக்கிற வகை), ரூட்டர், கேமரா ரெக்கார்டர்.

கதவைத் திறந்ததும் இட்லிப் பானை மூடியைத் தூக்கின மாதிரி முகத்தில் அடித்தது. சுவிட்ச் வாயில், அதாவது காற்று உள்ளே போகிற ஓட்டையில், 51 டிகிரி. ஏணியில் நின்றபடியே கேபினட்டுக்கு வெளியே அளந்தேன், 38. கீழே கல்லாவில் 31. ஒரே கடை, எட்டடி உயரத்தில் ஏழு டிகிரி வித்தியாசம். சமையலறையிலிருந்து வருகிற ஆவி கதவு வழியாக வந்து நேராக மேலே போய் அந்த மூலையில்தான் தங்குகிறது. கேபினட்டுக்கு இதைவிட மோசமான இடத்தைத் தேடினாலும் கிடைத்திருக்காது.

அந்த 38 எப்படி 51 ஆனது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு, எல்லா மூடின கேபினட்டுக்கும் உதவும். பெயின்ட் அடித்த இரும்புத் தகடு, சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 5.5 வாட் வெளியே விடும். 60 சென்டிமீட்டர் அகலம், 45 ஆழம், 50 உயரம் உள்ள கேபினட்டில், சுவரோடு ஒட்டின முதுகை விட்டுவிட்டால், காற்றுப்படுகிற பரப்பு சுமார் 1.3 சதுர மீட்டர். உள்ளே 100 வாட் ஓடினால் 100-ஐ 5.5-ஆலும் 1.3-ஆலும் வகுக்க, சுமார் 14. அதாவது காற்றுப் போக்குவரத்து எதுவும் இல்லாமல், தகடு வழியாக மட்டும் சூடு இறங்க வேண்டுமென்றால், வெளியே இருப்பதைவிட உள்ளே 14 டிகிரி கூடத்தான் இருக்கும். 38-உம் 14-உம் 52. என் தெர்மோமீட்டர் பொய் சொல்லவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பிஓஇ சுவிட்சில் 370 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அவ்வளவும் கேபினட்டுக்குள் சூடாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். கேமராவுக்குப் போகிற வாட் கேமராவில்தான் சூடாக மாறும். கேபினட்டில் தங்குவது சுவிட்ச் தனக்கென்று தின்பதும், பவர் சப்ளையில் வீணாவதும் மட்டும். அதுவே சின்ன கேபினட்டுக்குத் தாராளம்.

சரி, என்ன செய்வது? முதலில் கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்து அரை மணி நேரம் காத்திருங்கள். எட்டு பத்து டிகிரி இறங்கினால் காரணம் கிடைத்துவிட்டது. அப்புறம் கூரைக் காத்தாடிகளைப் பாருங்கள். செந்தூல் கடைக் கேபினட்டில் கூரையில் இரண்டு காத்தாடி அழகாக மாட்டியிருந்தது, அவற்றின் வயர் சுருட்டிக் கட்டிய கட்டு பிரிக்காமல், பிளக் பிளாஸ்டிக் பைக்குள் அப்படியே இருந்தது. மாட்டினவர் அதைச் சொருகவே இல்லை. சொருகியிருந்தாலும் பெரிசாக உதவியிருக்காது, ஏனென்றால் அடித்தட்டில் உள்ள கேபிள் ஓட்டையைப் பல்லி நுழையாமல் இருக்க யாரோ துணி வைத்து அடைத்திருந்தார்கள். மேலே எவ்வளவு உறிஞ்சினாலும் கீழே வழி விடாவிட்டால் காற்று எங்கிருந்து வரும்? துணிக்குப் பதில் கம்பி வலை போடுங்கள். காத்தாடி மேல்நோக்கி வெளியே தள்ள வேண்டும். பல காத்தாடிகளின் சட்டத்தில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், அதை நம்பாமல் டிஷ்யூ வைத்தும் பாருங்கள். 240 வோல்ட் காத்தாடி என்றால் பிளக்கைப் பிடுங்காமல் விரலை விடாதீர்கள்.

எத்தனை காத்தாடி வேண்டும் என்பதற்கும் சுலபக் கணக்கு: வாட்டை 3-ஆல் பெருக்கி, எத்தனை டிகிரி ஏறினால் பரவாயில்லையோ அதனால் வகுத்தால் மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்று வரும். 100 வாட், 10 டிகிரி என்றால் 30. ஒரு 120 மில்லிமீட்டர் காத்தாடிக்கே அது அல்வா மாதிரி. 400 வாட்டுக்கு 120 கன மீட்டர் வேண்டும். காத்தாடிப் பெட்டியில் போட்டிருக்கிற எண் தடை ஏதும் இல்லாத காற்றுக்கு, வலையும் தூசியும் கேபிள் கட்டும் இருக்கிற இடத்தில் பாதியை நம்பினால் போதும். கணக்குப் போடாமல் லேப்டாப்புக்கடியில் வைக்கிற சின்ன யூஎஸ்பி காத்தாடியை உள்ளே வைத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு, யானைப் பசிக்குச் சோளப்பொரி.

சமையலறைப் பக்கத்தில் இன்னொரு தொல்லை எண்ணெய்ப் படலம். காத்தாடி இறக்கையில் அது ஒட்டி, அதன்மேல் தூசி ஒட்டி, பிரஷ்ஷால் தட்டினாலும் வராது. பவரை அணைத்துவிட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். புளோவர் வைத்து ஊதுகிறீர்கள் என்றால் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும், சுற்றுகிற காத்தாடி மின்சாரத்தை போர்டுக்குத் திருப்பியும் அனுப்பும். புகைமூட்டக் காலத்திலும் இதே பாடுதான், 2015, 2019 மாதிரி வருடங்களில் மாதம் ஒருமுறை பார்க்கிற ஃபில்டரை வாரம் ஒருமுறை பார்த்தேன்.

செந்தூல் கடையில் கண்ணாடியைக் கழற்றி ஓட்டை போட்ட கதவை மாட்டி, காத்தாடியைச் சொருகி, ரெக்கார்டரைக் கல்லாவுக்குக் கீழே இறக்கினேன். 51 என்பது 43 ஆனது. விழுவது நின்றது, ஆனால் எனக்குத் திருப்தியில்லை, வெளியே 38 இருக்கிறவரை எந்தக் காத்தாடியும் அதற்குக் கீழே கொண்டுவராது. சுவரை மறுபடி துளைக்க அண்ணனுக்கு மனசில்லை. சில மாதம் கழித்து மாடி ஸ்டோரைக் காலி செய்தபோதுதான் கேபினட் அங்கே போனது.

திங்கட்கிழமை காலையில் மட்டும் தொல்லை

கட்டடத்தின் மத்திய ஏர்கோன் அலுவலக நேரம் முடிந்ததும் நிற்கும், ஞாயிற்றுக்கிழமை வரவே வராது. சுவிட்ச் மட்டும் இரவு பகல் ஓடுகிறது. வேலை நாளில் போய் அளந்தால் எல்லாம் 24 டிகிரியில் சொகுசாக இருக்கும், ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு வாரம் சூட்டைப் பதிந்து வையுங்கள், லிப்ரஎன்எம்எஸ் மாதிரி இலவச மென்பொருள் வரைபடமே போட்டுக் கொடுத்துவிடும். வெள்ளி இரவு முதல் கோடு மேலே ஏறினால் வேறு ஆதாரம் வேண்டாம்.

தனி ஏர்கோன் வேண்டும் என்றால் அளவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் சுமார் 9,000 பிடியு, அதாவது 2,600 வாட் சூட்டை வெளியேற்றும். 800 வாட் ரேக் ஒன்றுக்கு 2,730 பிடியுதான். வீட்டு ஏர்கோன் ஒன்றை நிறுத்தாமல் வருடம் முழுக்க ஓட்டுவதுதான் பிரச்சினை, அதனால் இரண்டு மாட்டி டைமர் வைத்து மாற்றி மாற்றி ஓட்டுங்கள். சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏர்கோனை உள்ளே தள்ளி, அதன் வெப்பக் குழாயையும் அதே அறையிலேயே விட்டிருந்த ஓர் அலுவலகத்தைப் பார்த்திருக்கிறேன். முன்னால் குளிரும் பின்னால் சூடும் வர, மோட்டாரின் சூடு வேறு கூடி, அறை முன்பைவிட மோசமாகியிருந்தது.

இதோடு சேர்ந்த இன்னொன்று: கரண்ட் போய் யூபிஎஸ்ஸில் சுவிட்ச் ஓடிக்கொண்டிருக்கும், ஏர்கோன் யூபிஎஸ்ஸில் இருக்காது. அரை மணி, முக்கால் மணியில் சுவிட்ச் நின்றால் பேட்டரி தீர்ந்தது என்று நினைப்பீர்கள், சுவிட்ச் நடந்ததையெல்லாம் எழுதிவைக்கிற லாகில் பார்த்தால் வெப்ப எச்சரிக்கை இருக்கும். கரண்ட் திரும்ப வந்ததும் ஏர்கோன் தானாக ஓடுகிறதா என்பதையும் ஒருமுறை பிரேக்கரை அணைத்துப் போட்டுப் பாருங்கள். எல்லா மாடலும் தானாக எழுந்திருக்காது.

அறை கேமரன் மலை மாதிரி, காத்தாடி மட்டும் விமானம் ஏறுகிறது

குளிர் வேண்டிய அளவு இருக்கிறது, காத்தாடி மட்டும் முழு வேகத்தில் கத்துகிறது என்றால் பத்துக்கு எட்டு தடவை சுவிட்ச் தலைகீழ்த் திசையில் மூச்சு விடுகிறது. டேட்டா சென்டரில் சர்வர்களின் முகம் குளிர்ப் பாதையைப் பார்த்திருக்கும், முதுகு வெப்பப் பாதையைப் பார்த்திருக்கும். சர்வரின் நெட்வொர்க் போர்ட்டுகள் முதுகில் இருப்பதால், கேபிள் இழுக்க வசதி என்று சுவிட்சின் போர்ட்டுகளையும் பின்பக்கம் பார்த்து மாட்டுகிறோம். அந்தச் சுவிட்ச் போர்ட் பக்கமிருந்து காற்றை இழுக்கிற வகையாக இருந்தால், சர்வர்கள் ஊதித் தள்ளுகிற சூட்டைத்தான் அது குடிக்கும். அறையில் 22, சுவிட்ச் வாயில் 39. இரண்டும் உண்மை.

காத்தாடி மாட்யூலின் கைப்பிடி நிறத்தைப் பாருங்கள். சிஸ்கோ நெக்ஸஸில் நீலம் என்றால் போர்ட் பக்கம் வெளியே தள்ளும், கருஞ்சிவப்பு என்றால் போர்ட் பக்கமிருந்து உள்ளே இழுக்கும். குழப்பமாக இருந்தால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: கைப்பிடி இருக்கிற பக்கத்தில் நீலம் என்றால் அங்கே குளிர்ந்த காற்று நுழைகிறது, சிவப்பு என்றால் அங்கே சூடு வெளியேறுகிறது. பவர் சப்ளையும் அதே நிறத்தில் இருக்க வேண்டும். ஒன்று நீலமும் ஒன்று சிவப்புமாகக் கலந்தால் உள்ளேயே காற்று ஒன்றோடொன்று மோதும், சூடேறிப் பெட்டி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ஸ்டோரில் கிடைத்ததை எடுத்து அவசரத்துக்குச் சொருகும்போதுதான் இது நடக்கிறது, நானும் ஒரு ராத்திரி இரண்டு மணிக்குச் செய்திருக்கிறேன். மாற்றுவதென்றால் பவரை அணைத்துவிட்டு எல்லா மாட்யூலையும் சேர்த்தே மாற்றுங்கள்.

திசை மாற்ற முடியாத சுவிட்ச் என்றால் முகத்தைக் குளிர்ப் பக்கம் திருப்பி மாட்டி, கேபிளை பிரஷ் வைத்த தட்டு வழியாகப் பின்னுக்கு அனுப்ப வேண்டியதுதான். கேபிள் நீளம் கூடும், பார்க்க அழகாக இருக்காது, வேறு வழியில்லை.

திசை சரியாக இருந்தும் சூடு குறையாத ஒரு நிலைமை இருக்கிறது, இதில் அனுபவசாலிகளும் ஏமாறுவார்கள். ரேக் ஆழம் ஒரு மீட்டர், சுவிட்ச் ஆழம் 40, 45 சென்டிமீட்டர்தான். பின்தூணில் மாட்டினால் அதன் மூச்சுவாய் ரேக்கின் நடு வயிற்றில் போய் நிற்கும், குளிர்ப் பாதைக்கும் அதற்கும் நடுவில் அரை மீட்டர் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் பக்கத்துச் சர்வர்களின் சூடு கசிந்து நிரம்பியிருக்கும். காற்றுக் குழாய் மாதிரி ஒரு தகட்டுப் பெட்டி விற்கிறார்கள், முன்தூணிலிருந்து சுவிட்ச் வாய்வரை அது போக வேண்டும். அது கைக்கு வரும்வரை கனமான பாலிகார்பனேட் தட்டை மேலும் கீழும் வைத்துத் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். அட்டைப்பெட்டியைக் கிழித்து வைக்காதீர்கள், தீப்பிடிக்கிற சாமான் ரேக்குக்குள் கூடாது.

எல்லாம் சரி, ஒன்றே ஒன்று மட்டும் கொதிக்கிறது

அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ரேக்கின் உச்சியில் என்றால், பின்னால் வந்த சூடு தலைக்கு மேல் வளைந்து முன்னுக்கு வருகிறது. நடுவில் என்றால், மேலேயோ கீழேயோ காலி யூ திறந்து கிடக்கிறதா என்று டிஷ்யூவை அந்த ஓட்டைக்கு நேராகப் பிடியுங்கள். பின்னாலிருந்து முன்னால் காற்று வந்தால் அங்கே மூடு தகடு போட வேண்டும். சில ரிங்கிட் சமாச்சாரம், ஆனால் பெட்டிக்குப் பெட்டி சேர்த்து வாங்கிக் கொடுக்கிற கம்பெனிக்காரர்கள் இதை மட்டும் எப்போதும் வெட்டிவிடுவார்கள்.

பக்கவாட்டில் மூச்சு விடுகிற பெட்டியா? சிஸ்கோவின் பழைய கேட்டலிஸ்ட் 6500 சேசிஸ்களில் பலது அப்படித்தான், வலமிருந்து இடம். இரண்டை அடுத்தடுத்த ரேக்கில் நிறுத்தினால் ஒன்றின் சூட்டை அடுத்தது குடிக்கும். இப்போதும் பல சின்ன சுவிட்சுகளுக்குப் பக்கத்தில்தான் ஓட்டை. தூண் ஓரத்தில் கேபிள் கட்டைக் கொண்டுபோய்ச் சரியாக அந்த ஓட்டைமேல் சாத்திவைப்பது நம்மாட்கள் எல்லோருக்கும் கைவந்த கலை. கட்டை அவிழ்த்து நகர்த்திவிட்டு பத்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.

பெட்டி முழுக்க இல்லை, ஒரு சில போர்ட் மட்டும் அறுந்து அறுந்து வருகிறதென்றால் 10 கிகாபிட் காப்பர் எஸ்எஃப்பி (போர்ட்டில் சொருகுகிற சின்ன இணைப்பு மாட்யூல்) சொருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். தொட்டால் சுடும் அளவுக்கு அது சூடாகும். சாதாரண எஸ்எஃப்பி உடம்பு 70 டிகிரி வரைதான் தாங்கும். காத்தாடி இல்லாத பெட்டியில் இந்த மாட்யூலை ஒன்று விட்டு ஒன்றாகச் சொருகச் சொல்லி மிக்ரோடிக்காரர்களே எழுதியிருக்கிறார்கள்.

சுவரில் நிற்கவைத்து மாட்டியதிலிருந்து சூடு, சத்தம்

இடமில்லாத கடைகளில் சுவிட்சைப் படுக்கவைக்காமல் சுவரோடு ஒட்டி நிற்கவைப்பது வழக்கமாகிவிட்டது. செய்யலாம், ஆனால் எந்தப் பக்கம் மேலே என்பதுதான் விஷயம். சிஸ்கோவின் சின்ன கேட்டலிஸ்ட் கையேடுகளில் முகப்பு கீழேயோ பக்கவாட்டிலோ பார்க்க வேண்டும், மேலே பார்க்கக் கூடாது என்று போட்டிருக்கும். காரணம் யோசித்தால் புரியும். முகப்பில் இழுத்து முதுகில் தள்ளுகிற பெட்டியை முகம் கீழாக வைத்தால் காற்று கீழிருந்து மேலே போகும், சூடும் தானாக மேலேதான் போகும், இரண்டும் ஒரே பக்கம். முகம் மேலாக வைத்தால் காத்தாடி கீழே தள்ள, சூடு மேலே வர, ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும். போதாக்குறைக்குச் சீலிங் தூசி, ஏர்கோன் சொட்டு, பல்லி எச்சம் எல்லாம் நேராக போர்ட்டுக்குள்.

பக்கவாட்டில் ஓட்டை உள்ள பெட்டியை முகம் இடமாகவோ வலமாகவோ பார்க்கும்படி வைத்தால் அதன் விலாப்புறங்கள் மேலும் கீழும் ஆகிவிடும். டிஷ்யூ வைத்து எந்த விலா சூட்டைத் தள்ளுகிறது என்று பார்த்து, அது மேலே வருகிற மாதிரி திருப்புங்கள். காத்தாடியே இல்லாத பெட்டிக்கு இது இன்னும் முக்கியம், அதன் தகட்டு வரிகள் நெட்டுக்குத்தாக நின்றால்தான் காற்று அவற்றுக்கிடையே ஏறும், கிடைமட்டமாக இருந்தால் ஒவ்வொரு வரியும் ஒரு மூடி மாதிரி. அடித்தட்டில் ஓட்டை இருந்தால் சுவரோடு ஒட்டி அடித்துவிடாதீர்கள், இடைவெளி எவ்வளவு என்று அந்தந்தக் கையேட்டில் இருக்கும்.

திருப்பி மாட்டியதும் காத்தாடி கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தால் அது பேரிங் விவகாரம். மலிவான காத்தாடிகளில் எண்ணெயில் சுற்றுகிற ஸ்லீவ் பேரிங் இருக்கும், அச்சு கிடையாக இருந்தால் வருடக்கணக்கில் ஓடும், அச்சை நெட்டுக்குத்தாக்கினால் எண்ணெய் இறங்கி ஒரு பக்கம் தேயும். கேபினட் கூரைக் காத்தாடி எப்போதும் மல்லாந்து படுத்தபடியேதான் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள். அதனால் கூரைக்கு வாங்கும்போது பால் பேரிங் என்று கேட்டு வாங்குங்கள். புடுவில் பாசார் ரோடு கடைகளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருப்பார்கள், விலையை மட்டும் கேட்டால் ஸ்லீவ்தான் கைக்கு வரும்.

மேல்தட்டில் தண்ணீர்த் துளி, கறை

ஏர்கோனுக்கு நேர் கீழே ரேக் வைத்ததுதான் காரணம், ஒன்று வடிகுழாய் அடைப்பு, இல்லையென்றால் 16 டிகிரியில் வைத்து ஊதவிட்டுக் கதவைத் திறந்து திறந்து மூடியது. வெளியே இருக்கிற ஈரக்காற்று குளிர்ந்த தகட்டில் பட்டால் வியர்க்கத்தான் செய்யும். 24-க்கு ஏற்றுங்கள், ஊதும் திசையைத் திருப்புங்கள், ரேக்கை நகர்த்துங்கள். பெட்டிமேல் பிளாஸ்டிக் விரிப்பு போடாதீர்கள், கூரை ஓட்டையெல்லாம் அடைத்துக்கொள்ளும்.

யூபிஎஸ் பேட்டரி வருடா வருடம் போகிறது, வீங்குகிறது

ஈய அமில பேட்டரிக்கு ஆயுள் கணக்கு 25 டிகிரிக்குப் போட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். யூபிஎஸ்ஸை ரேக்கின் உச்சியில் வைத்திருந்தால் கீழே இறக்குங்கள், கனத்துக்கும் அதுதான் சரி. தலைகீழாக மட்டும் மாட்டாதீர்கள். வீங்கின பேட்டரி சட்டத்தில் இறுகிக்கொண்டால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல், யூபிஎஸ்ஸை அணைத்துக் கழற்றி, பக்கத் தகட்டை அவிழ்த்து எடுங்கள்.

காது வளைந்து பெட்டி சாய்கிறது, திருகு ஓட்டையில் சேரவில்லை

காது என்பது பெட்டியைத் தூணோடு திருகுகிற தகடு. இந்தக் கோளாறு சூட்டுக் கோளாறு மாதிரி தெரியாது, ஆனால் அங்கேதான் போய் முடியும். ரேக் தூணில் ஓட்டைகள் சம இடைவெளியில் இல்லை. 15.9 மில்லிமீட்டர், மறுபடி 15.9, அப்புறம் 12.7, மூன்றும் சேர்ந்து 44.45, அதுதான் ஒரு யூ. நெருக்கமாக இருக்கிற அந்த 12.7 இடைவெளியின் நடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்தது தொடங்குகிறது. கேஜ் நட்டை (திருகைப் பிடித்துக்கொள்ள தூணின் ஓட்டையில் மாட்டுகிற நட்டு) ஓர் ஓட்டை தள்ளிப் போட்டுவிட்டால் பெட்டி இரண்டு யூவைக் கால் போட்டு உட்காரும். மேலே அரைகுறை இடைவெளி திறந்து கிடக்கும், அதற்கு மூடு தகடும் சேராது, பின்னால் வருகிற சூடு அந்தச் சந்து வழியாகத்தான் முன்னால் வரும்.

ஆழமான சுவிட்சை முன் காதுகளில் மட்டும் தொங்கவிட்டிருந்தால் பின்பக்கம் இறங்கிக் கீழே உள்ள பெட்டியின் மூடியில் உட்கார்ந்துகொள்ளும், அந்த மூடியில் ஓட்டை இருந்தால் அதுவும் அடைந்துபோகும். பின்தூணுக்கு ரெயில் போடுங்கள், இல்லையென்றால் ஒரு தட்டு வைத்துத் தாங்குங்கள். ஒரு ஆள் கீழிருந்து கையால் தாங்கிக்கொள்ள, இன்னொருவர் முதலில் கீழ்த் திருகுகளைப் போட்டு, அப்புறம் மேல்த் திருகுகளை முடுக்க வேண்டும். தனியாகச் செய்யப் போய் ஓர் 24 போர்ட் சுவிட்ச் என் கால் கட்டைவிரல்மேல் இறங்கியிருக்கிறது. சுவிட்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, நகம் திரும்ப முளைக்கத்தான் மாதக்கணக்கானது.